ஒன்றரை லட்சமும் ஒரு சர்வகலாசாலையும் — டாக்டர் சாந்தி ஸ்வரூப் பட்நாகரின் வாழ்க்கை

தலைநகரில் பூசா வட்டாரத்தில் டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் சாலை என்று ஒரு சாலை உண்டு. கரோல்பாக்கிலும் அதன் அண்டையிலும் குடியேறிய நம் குடும்பங்களுக்கு அது அந்நியமான பெயரன்று. வத்திராயிருப்பில் 1898-ஆம் ஆண்டு பிறந்து, கல்கத்தாவில் ஸர் சி. வி. ராமனுடன் ஆராய்ச்சி செய்து, பின்னர் தேசீயப் பௌதிக ஆராய்ச்சிச்சாலையின் முதல் இயக்குநராக விளங்கிய நம்மவரின் பெயர் அது. அவரைப் பற்றி நம்மவர் பெருமையுடன் பேசிக்கொள்வது வழக்கம், பேசவேண்டியதும் நியாயமே. ஆனால் அவர் தலைமை வகித்த அந்த ஆராய்ச்சிச்சாலையையும், அதனுடன் சேர்த்துப் பன்னிரண்டு ஆராய்ச்சிச்சாலைகளையும் நாட்டின் பல மூலைகளில் எழுப்பிய மனிதர் யார் என்று கேட்டால், நம்மில் பலர் சற்றுத் தயங்கத்தான் செய்வோம். ஒரு பரிசின் பெயராக மட்டும் அவரை அறிந்தவர்களே மிகுதி. அவர்தாம் டாக்டர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர். புனாவிலும் ஜாம்ஷெட்பூரிலும் லக்னோவிலும் மைசூரிலும் விஞ்ஞான உத்தியோகத்தை நாடிச் சென்று குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு அவர் ஒரு வகையில் அன்னமிட்டவர் என்றே சொல்லலாம். ஆகவே இவ்விதழில் அவருடைய வாழ்க்கையைச் சிறிது விரிவாகவே பார்ப்போம்.

பட்நாகர் பிறந்தது 1894-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள். ஊர், பஞ்சாபின் ஷாப்பூர் ஜில்லாவில் ஜீலம் நதியை அடுத்த பேரா. இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. தந்தை பரமேசுவரி சஹாய் பள்ளி ஆசிரியர்; பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். குழந்தைக்கு எட்டு மாதம் ஆகியிருந்தபோது அவர் காலமாகிவிட்டார். இளம் விதவையான தாய், குழந்தையுடன் ஐக்கிய மாகாணத்துச் சிக்கந்தராபாத்தில் இருந்த தம் தந்தையின் இல்லத்துக்குச் சென்றார். அந்தத் தாத்தா ஓர் எஞ்சினீயர். படிப்புக் கருவிகளும் அளவைக் கருவிகளும் நிறைந்த அவ்வீட்டில் பேரப்பிள்ளை மின்கலங்களோடும் நூற்கயிற்றுத் தொலைபேசிகளோடும் விளையாடி வளர்ந்தான். தந்தையற்ற பிள்ளைகளைத் தாய்வீட்டார் எடுத்து வளர்ப்பது நம் நாட்டில் புதிதன்று. தாத்தாவின் பெட்டியைத் திறந்து பார்க்க அனுமதிக்கப்பட்ட பிள்ளைகள் மட்டும் சற்று அபூர்வம்.

தந்தையின் நண்பர் ஒருவர் லாகூரில் தயாள் சிங் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தார். லாலா ரகுநாத் சஹாய் என்பது அவர் பெயர். அவர் இந்தப் பிள்ளையை லாகூருக்கு வரவழைத்துப் படிக்கவைத்தார். நண்பர் இறந்த பின்னும் நட்பு இறவாமல் அவர் மகனைத் தேடிச் சென்று கைகொடுத்தது என்றால், அந்நட்பை என்னவென்று சொல்வது! 1915-ல் அப்பெரியவரின் புதல்வி லாஜவந்தியையே பட்நாகர் மணந்தார்.

கல்லூரி மாணவராக இருந்தபோதே இவரிடம் இரண்டு வகையான ஆர்வங்கள் ஒருங்கே காணப்பட்டன. 1911-ல், பதினேழு வயதில், அலகாபாத்தின் 'லீடர்' பத்திரிகைக்கு இவர் ஒரு கடிதம் எழுதினார். மின்கலங்களில் பயன்படும் கரித்தண்டுகளுக்குப் பதிலாக, சர்க்கரைப் பாகின் கழிவையும் கரிப்பொருளையும் கலந்து, அழுத்தி, சூடேற்றி ஒரு மாற்றுப் பொருள் செய்துகொள்ளலாம் என்பது அக்கடிதத்தின் சாரம். ஏறக்குறைய அதே சமயத்தில் 'கராமாதி' என்னும் ஓரங்க நாடகத்தை உருதுவில் எழுதி, 1912-ஆம் ஆண்டின் சிறந்த நாடகம் என்று சரஸ்வதி நாடகச் சங்கத்தாரின் பரிசையும் பெற்றார். கரியும் கவிதையும் கடைசிவரை இவரை விடவில்லை.

பார்மன் கிறிஸ்தவக் கல்லூரியில் 1916-ல் பி.எஸ்ஸி. பட்டமும், 1919-ல் ரசாயனத்தில் எம்.எஸ்ஸி. பட்டமும் பெற்றார். இடையில் வயிற்றுப்பாட்டுக்காகக் கல்லூரிகளில் செய்முறை உதவியாளராகவும் வேலை பார்த்தார். பின்னர் தயாள் சிங் கல்லூரி அறநிலையத்தார் அளித்த உபகாரச் சம்பளத்தில் அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்காகப் புறப்பட்டார். ஆனால் லண்டனுடன் பிரயாணம் நின்றுபோயிற்று. உலக யுத்தம் முடிந்து அமெரிக்கச் சிப்பாய்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. கப்பல்களில் இடம் எல்லாம் அவர்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. வேறு வழியின்றி, அறநிலையத்தாரின் சம்மதம் பெற்று லண்டன் யூனிவர்ஸிட்டி காலேஜில் பேராசிரியர் டானனிடம் மாணவராகச் சேர்ந்தார். கப்பலில் ஓர் இடம் கிடைத்திருந்தால் இக்கதை வேறு விதமாகப் போயிருக்கும். ஏனெனில் டானன் கூழ்மப் பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சியில் அக்காலத்து மேதைகளுள் ஒருவர். எண்ணெயும் நீரும் போலக் கலவாத பொருள்கள் எவ்வாறு கலந்து நிற்கின்றன, எப்போது பிரிகின்றன என்பதைப் பற்றியெல்லாம் பட்நாகர் அங்கே கற்றார். ஆண்டுக்கு 250 பவுன் உதவிச் சம்பளமும் பிரிட்டிஷ் விஞ்ஞானக் கைத்தொழில் ஆராய்ச்சி இலாகாவிலிருந்து அவருக்குக் கிடைத்தது. 1921-ல் டி.எஸ்ஸி. பட்டத்துடன் நாடு திரும்பினார்.

திரும்பியவரை பண்டித மதன்மோகன் மாளவியாவின் காசி ஹிந்து சர்வகலாசாலை பேராசிரியராக ஏற்றுக்கொண்டது. அங்கே மூன்று ஆண்டுகள். 1924-ல் லாகூருக்கு, பஞ்சாப் சர்வகலாசாலையின் ரசாயன ஆராய்ச்சிக்கூடங்களின் தலைவராகச் சென்றார். அங்கே பதினாறு ஆண்டுகள். அவருடைய ஆராய்ச்சி வாழ்வின் நடுப்பகல் அந்த லாகூர்ப் பருவந்தான்.

அக்காலத்தில் அவர் மனம் ஈடுபட்டிருந்த துறை காந்த ரசாயனம். ஒவ்வொரு பொருளும் காந்தத்துக்கு ஏதோ ஓர் அளவில் வசப்படுகிறது, அல்லது விலகுகிறது. இரும்பைப் போல வெளிப்படையாக அன்று. கண்ணுக்கும் கைக்கும் எட்டாத அளவில். அந்த அளவைச் சரியாகக் கண்டுபிடித்தால், அப்பொருளின் அணுக்களில் மின்னணுக்கள் எவ்வாறு அமைந்திருக்கின்றன என்பதை ஊகிக்கலாம். ரசாயன மாறுதல் நிகழ்ந்ததா இல்லையா என்பதையும் சொல்லலாம். ஆனால் அத்தனை நுண்ணிய அளவை எதைக்கொண்டு அளப்பது? பட்நாகரும் அவருடைய சகாவான கே. என். மாதுரும் 1928-ல் அதற்கு ஒரு கருவி செய்தனர். காந்தப் புலத்தில் தொங்கும் பொருள் இம்மியளவு நகர்வதை, ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று மோதும்போது தோன்றும் வரிகளின் அசைவைக்கொண்டு அளக்கும் தராசு அது. 'பட்நாகர்–மாதுர் காந்தத் தராசு' என்ற பெயரில் லண்டனின் ஆடம் ஹில்கர் கம்பெனியார் அதைச் செய்து விற்றனர். இந்தியாவில் உருவான ஒரு விஞ்ஞானக் கருவியை இங்கிலாந்தின் கம்பெனி ஒன்று தயாரித்து விற்றது அந்நாளில் சாமான்யமான செய்தியன்று. 1935-ல் இருவரும் சேர்ந்து அத்துறையைப் பற்றிய நூல் ஒன்றையும் வெளியிட்டனர்.

இவ்வளவும் சர்வகலாசாலைச் சுவர்களுக்குள் நடந்தவை. ஆனால் பட்நாகரின் கூடத்துக்கு வெளியிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினர். முதலில் வந்தவர் லாகூரின் பெரிய கட்டிடங்கள் பலவற்றைக் கட்டிய ஸர் கங்கா ராம். கரும்பைப் பிழிந்தபின் எஞ்சும் சக்கையை மாட்டுத் தீவனக் கட்டியாக மாற்ற வழியுண்டா என்பது அவர் கேள்வி. பட்நாகர் வழி செய்துகொடுத்தார். பிறகு ஜவுளி ஆலைக்காரர்கள், மாவு ஆலைக்காரர்கள், எண்ணெய் ஆலைக்காரர்கள் என்று ஒவ்வொருவராக வரலாயினர். அவ்வாறு வந்தவற்றுள் எல்லாம் சுவையானது ராவல்பிண்டியிலிருந்து வந்த சேற்றுப் பிரச்னை. அதைச் சற்று விளக்கிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை எழுதியே பயனில்லை.

அட்டாக் எண்ணெய்க் கம்பெனியார் அந்தப் பிரதேசத்தில் பெட்ரோலியத்துக்காகத் துளையிட்டு வந்தனர். பூமியைத் துளைக்கும்போது துளைக்கருவியின் குழாய் வழியே சேற்றைக் கீழே செலுத்துவது வழக்கம். அச்சேறு சாதாரணச் சேறன்று. களிமண்ணை நீரில் பதமாகக் கரைத்தது. கருவியின் நுனியைக் குளிர்விப்பது, அறுபட்ட கற்பொடியை மேலே கொண்டு வருவது, அடியிலிருந்து பீறிட்டு வரத் துடிக்கும் வாயுவையும் எண்ணெயையும் தன் பாரத்தால் அடக்கி வைப்பது என்று அது செய்யும் வேலைகள் பல. இப்பேர்ப்பட்ட சேறு, பூமிக்குள் உப்புநீர் கலந்த அடுக்குகளைச் சந்தித்தவுடன் கெட்டியாகி இறுகிவிட்டது. உப்புப் பாறைகள் நிறைந்த மலைத்தொடர் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது என்பதை நினைவில் கொண்டால் இதில் வியப்பில்லை. சேறு இறுகியதும் கருவி நகராது; வேலை நின்றது; மேற்கொண்டு துளைப்பது இயலாமற்போயிற்று.

எஞ்சினீயர்கள் இதற்கு இயந்திர வழியில் பரிகாரம் தேடினால் மேலும் வலிமையான பம்புகளைத்தான் தேடியிருப்பார்கள். பட்நாகர் அதைச் சேறாகப் பார்க்கவில்லை, கூழ்மமாகப் பார்த்தார். களிமண்ணின் நுண்துகள்கள் ஒவ்வொன்றும் எதிர் மின்னேற்றம் உடையவை. ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை ஒன்றையொன்று விலக்குவதால் அவை நீரில் தனித்தனியே மிதந்து நிற்கின்றன. உப்பு வந்து சேர்ந்தால் அந்த மின்னேற்றத்தின் விலக்கம் மங்கிவிடுகிறது; துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடுகின்றன. பாலில் எலுமிச்சைச்சாறு விழுந்தால் நம் வீட்டில் என்ன நடக்கிறதோ, கிட்டத்தட்ட அதே கதைதான். அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? துகள்கள் ஒட்டிக்கொள்ளாதபடி அவற்றின்மேல் ஒரு போர்வையைப் போர்த்த வேண்டும். பட்நாகர் பலவற்றையும் சோதித்து, நம் நாட்டுப் பிசின் ஒன்றைச் சேற்றில் கலக்குமாறு சொன்னார். கலந்தார்கள். சேறு இளகிற்று; உப்புநீரிலும் நிலைத்து நின்றது. பல மாதங்கள் பூமியோடு மல்லுக்கு நின்றவர்களுக்கு, மரத்திலிருந்து வடிந்த பிசின் வழி திறந்துவிட்டது. லண்டனில் டானனின் கூடத்தில் எண்ணெயும் சவர்க்காரமும் கலந்து பார்த்துக்கொண்டிருந்த இளைஞனிடம், இதெல்லாம் எதற்குப் பயன்படும் என்று யாராவது கேட்டிருந்தால் அவன் என்ன பதில் சொல்லியிருப்பானோ!

அட்டாக் கம்பெனிக்குப் பின்னால் இருந்தவர்கள் லண்டனின் ஸ்டீல் பிரதர்ஸ் கம்பெனியார். அவர்கள் மகிழ்ந்து, பெட்ரோலியம் சம்பந்தமான எந்த ஆராய்ச்சிக்கேனும் பயன்படுத்திக்கொள்ளுமாறு பட்நாகருக்கு 1,50,000 ரூபாய் அளிக்க முன்வந்தனர். அந்நாளைய ஒன்றரை லட்சம் எவ்வளவு பெரிய தொகை என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு பேராசிரியர் ஆயுள் முழுவதும் கண்டிராத பணம். அத்தொகை சர்வகலாசாலையின் மூலமாகவே வரவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அதைக்கொண்டு பட்நாகரின் பொறுப்பில் பெட்ரோலிய ஆராய்ச்சிப் பகுதி ஒன்று ஏற்பட்டது. இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு வழி பிறந்தது. மெழுகின் நாற்றத்தைப் போக்குவது, மண்ணெண்ணெய் விளக்கின் சுடரை உயர்த்துவது, எண்ணெய் ஆலைகளின் கழிவுகளைப் பயன்படுத்துவது என்று அங்கே நடந்த வேலைகள் கம்பெனிக்கும் லாபம் தந்தன. கம்பெனியார் தொகையை அதிகப்படுத்தி, ஐந்தாண்டு என்றிருந்த ஏற்பாட்டைப் பத்தாண்டாக நீட்டினர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தமக்கென்று தனிப்பட்ட பண லாபத்தைப் பட்நாகர் திரும்பத் திரும்ப மறுத்துவந்தார். தம் கண்டுபிடிப்புகளால் வந்ததைச் சர்வகலாசாலை ஆராய்ச்சிக்கே விட்டுவிட்டார். தந்தையின் உழைப்பில் ஒரு நாளும் வளராத பிள்ளை, உபகாரச் சம்பளத்தில் படித்தவர், குடும்பஸ்தர். இவருக்குப் பணத்தின் அருமை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்தே செய்தார். வங்காளத்து விஞ்ஞானி மேகநாத சஹா 1934-ல் அவருக்குக் கடிதம் எழுதி இச்செயலைப் புகழ்ந்தார். சஹா எளிதில் யாரையும் புகழ்பவரல்லர். பிற்காலத்தில் பட்நாகரின் கொள்கைகளைக் கண்டிக்கவும் போகிறவர். ஆகவே அப்புகழ்ச்சிக்கு மதிப்பு அதிகம்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. இந்தக் கட்டத்தில் நம்மவர் ஒருவர் கதையில் நுழைகிறார். வைசிராயின் நிர்வாக சபையில் வர்த்தக அங்கத்தினராக இருந்த ஸர் ஏ. ராமசாமி முதலியார். 1935-ல் தொடங்கப்பட்ட கைத்தொழில் ஆராய்ச்சிக் காரியாலயம் ஒன்று சொற்ப நிதியுடன் நடந்துவந்தது. யுத்தகாலச் சிக்கனத்தை முன்னிட்டு அதை மூடிவிடலாம் என்று யோசனை எழுந்தது. மூடுவதானால் மூடுங்கள்; ஆனால் அதைவிடப் பெரிய ஸ்தாபனம் ஒன்றை அதன் இடத்தில் வையுங்கள் என்று முதலியார் வாதாடினார். சிக்கனம் பேச வந்தவர்களிடமே செலவைக் கூட்டச் சொல்லி வெற்றி காண்பது லேசான காரியமன்று. அவர் முயற்சியால் 1940 ஏப்ரல் 1-ஆம் தேதி, ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் நிதியுடன், விஞ்ஞானக் கைத்தொழில் ஆராய்ச்சிக் குழு ஏற்பட்டது. முதலியார் அதன் தலைவர். லாகூரிலிருந்து வந்த பட்நாகர் அதன் இயக்குநர். கல்கத்தா அலிப்பூரில் வேலை தொடங்கியது. விஷவாயுவைத் தடுக்கும் துணி, தீயணைக்கும் நுரைக் கரைசல், கீழே விழுந்தாலும் வெடிக்காத கலங்கள், வார்னிஷ் வகைகள், தாவர எண்ணெய்களிலிருந்து இயந்திர எண்ணெய் ஆகியவை அங்கே பிறந்தன.

பட்நாகர் லாகூரில் தாம் கைக்கொண்ட முறையை இங்கேயும் மறக்கவில்லை. கண்டுபிடிப்புகளை ஆலைக்காரர்கள் பயன்படுத்தும்போது அவர்களிடமிருந்து கிடைக்கும் பங்குத்தொகை சர்க்காரின் பொதுக் கஜானாவில் கரைந்துவிடாமல் மறுபடியும் ஆராய்ச்சிக்கே போய்ச் சேர வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். தனி நிதி ஒன்றை ஏற்படுத்தும் யோசனையை முதலியார் மத்திய சட்டசபையில் கொண்டுவந்தார். 1941 நவம்பர் 14-ஆம் தேதி, ஐந்தாண்டுக் காலத்துக்கு ஆண்டுக்கு 10 லட்ச ரூபாய் வீதம் ஒதுக்கத் தீர்மானமாயிற்று. 1942 செப்டம்பர் 26-ஆம் தேதி விஞ்ஞானக் கைத்தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் பிறந்தது. இன்று ஸி.எஸ்.ஐ.ஆர். என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் ஸ்தாபனம் அதுவே. பஞ்சாபி ஒருவரும் தமிழர் ஒருவரும் சேர்ந்து, அந்நிய ஆட்சியின் கீழ், யுத்தத்தின் நடுவில் இதைச் சாதித்தனர்.

1943-ல் ஐந்து தேசீய ஆராய்ச்சிச்சாலைகளுக்குக் கவுன்சில் ஒப்புதல் அளித்தது: ரசாயனம், பௌதிகம், எரிபொருள், உலோகம், கண்ணாடியும் பீங்கானும். டாடா நிறுவனத்தார் 20 லட்ச ரூபாய் நன்கொடையளித்தனர். அதே ஆண்டில் பட்நாகர் லண்டன் ராயல் சொசைட்டியின் அங்கத்தினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். சுதந்திரம் வந்தபோது அவருடைய லாகூர், அவர் பிறந்த பேரா, அவர் கட்டி வளர்த்த ஆராய்ச்சிக்கூடம் எல்லாம் எல்லைக்கு அப்பால் போய்விட்டன. ஊரை இழந்து வந்த மக்களின் மனநிலை நம்மில் பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்களுடையதைப் போன்றதன்று. நாம் விடுமுறைக்கு ரயிலேறலாம். அவர்களுக்கு அந்த ரயில் இல்லை.

அதன்பின் அவர் வேலை செய்த வேகம் மலைக்க வைப்பது. பிரதமர் நேரு கவுன்சிலின் தலைவரானார்; அவருடைய ஆதரவு பட்நாகருக்குப் பூரணமாகக் கிடைத்தது. 1950 ஜனவரியில் புனாவில் ரசாயனச்சாலையும் டில்லியில் பௌதிகச்சாலையும் திறக்கப்பட்டன. அதே ஆண்டில் கல்கத்தாவில் கண்ணாடி, மைசூரில் உணவு, ஜாம்ஷெட்பூரில் உலோகம். மறு ஆண்டில் லக்னோவில் மருந்து. பௌதிகச்சாலைக்கு அலகாபாத்திலிருந்து கிருஷ்ணனை வரவழைத்தனர். காந்தத்துறையில் பட்நாகரைப் போலவே, சொல்லப்போனால் அவரினும் ஆழமாகவே, உழைத்தவர் கிருஷ்ணன். புனாவின் ரசாயனச்சாலைக்கு 1957-ல் முதல் இந்திய இயக்குநராக வந்தவரும் சென்னையில் பிறந்த கே. வெங்கடராமனே என்பதைப் புனாவிலுள்ள நம் வாசகர்கள் அறிவர்.

தமிழ்நாட்டுக்கும் பங்கு கிடைத்தது. சென்னை கிண்டியில் தோல் ஆராய்ச்சிச்சாலைக்கு 1948-ல் அடிக்கல் நாட்டினர். காரைக்குடியின் கதையோ தனிக் கதை. மின்ரசாயனத்துக்கு ஓர் ஆராய்ச்சிச்சாலை வேண்டும் என்று யோசனை நடந்தபோது, டாக்டர் ஆர். எம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தர முன்வந்தார். பெரிய கைத்தொழில் நகரம் எதுவும் அருகில் இல்லாத செட்டிநாட்டுப் பொட்டலில் மின்ரசாயனமா என்று யாரும் கேட்கலாம். கொடுப்பவர் இருக்குமிடத்தில் கட்டுவது என்பது பட்நாகரின் காரியவாதம். நேரு 1948 ஜூலை 25-ஆம் தேதி அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ஆம் தேதி டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். தாம் பெற்ற ஒன்றரை லட்சத்தைச் சர்வகலாசாலைக்கு விட்டவர், தாம் ஈட்டிய பதினைந்து லட்சத்தை ஆராய்ச்சிக்கு விட்ட மற்றொருவரை அடையாளம் கண்டுகொண்டதில் ஆச்சரியமில்லை.

இவ்வாராய்ச்சிச்சாலைகளால் சாமான்யக் குடும்பத்துக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. 1962 பொதுத்தேர்தல் முதல் வாக்காளர் விரலில் இடப்படும் அழியாத மை டில்லிப் பௌதிகச்சாலையில் உருவானது. எருமைப்பாலிலிருந்து குழந்தைகளுக்கான பால்மாவு செய்யும் முறை மைசூர்ச்சாலையில் உருவாகி அமுல் ஸ்தாபனத்துக்குச் சென்றது. வீட்டுக்குள் இருக்கும் விஞ்ஞானம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

பட்நாகரைக் குறை சொன்னவர்களும் இல்லாமல் இல்லை. அவர்கள் சாதாரணமானவர்களும் அல்லர். சர்க்கார் ஆராய்ச்சிச்சாலைகளுக்குப் பணத்தையும் ஆட்களையும் திருப்பிவிட்டால் சர்வகலாசாலைகள் வறண்டுபோகும் என்பது சஹா போன்றோரின் கவலை. ஆராய்ச்சிச்சாலைகள் விரைந்து பெருகியதைக் குறித்து 'நேரு–பட்நாகர் விளைவு' என்று ராமன் ஒரு பெயரே சூட்டியதாகச் சொல்வர். ராமன் விளைவைக் கண்டவரின் வாயிலிருந்து வந்த அச்சொல்லில் புகழ்ச்சியைவிடக் காரமே அதிகம். இக்குறையை வெறும் பொறாமை என்று நாம் தள்ளிவிட இயலாது. கற்பிக்குமிடமும் கண்டுபிடிக்குமிடமும் பிரிந்துபோனதன் நஷ்டத்தை நம் சர்வகலாசாலைகள் நெடுங்காலம் அனுபவித்தன. நம் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்தபின் அங்கே ஆராய்ச்சிக்கூடம் எந்நிலையில் இருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். தம் செல்வத்தைச் சர்வகலாசாலை ஒன்றுக்கு விட்டுக்கொடுத்த அதே மனிதரின் திட்டத்தால் இது நேர்ந்தது என்பதுதான் இதில் உள்ள விசித்திரம். மறுபுறம், 1947-ல் கைப்பணம் குறைந்த நாட்டில் சிதறிக்கிடந்த பல சர்வகலாசாலைகளுக்குச் சிறிது சிறிதாகப் பங்கிட்டிருந்தால் எதுவும் எழுந்திராது என்று அவர் கருதியிருந்தால் அதையும் தவறென்று சொல்ல நமக்குத் துணிவில்லை.

அவரே இதை உணர்ந்திருந்தார் என்று எண்ண இடமுண்டு. அணுசக்திக் கமிஷனின் செயலாளர், இயற்கை வளம் விஞ்ஞான ஆராய்ச்சி இலாகாவின் செயலாளர் என்று எத்தனையோ பொறுப்புகளைச் சுமந்தவர், கடைசியாக ஏற்றுக்கொண்டது சர்வகலாசாலைகளுக்குப் பொருளுதவி செய்வதற்கென்றே 1953 டிசம்பரில் தொடங்கப்பட்ட யூனிவர்ஸிட்டி மானியக் கமிஷனின் முதல் தலைமைப் பதவியை. அதில் அவருக்குக் கிடைத்தது ஓராண்டுக் காலமே. 1955-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், மாரடைப்பால் டில்லியில் காலமானார். வயது அறுபது.

மனைவி லாஜவந்தி அவருக்கு முன்பே, 1946-ல், மறைந்துவிட்டார். பட்நாகர் உருதுவில் எழுதிய கவிதைகளின் தொகுதிக்கு அவ்வம்மையாரின் பெயரே வாய்த்தது. கோப்புகளிலும் கட்டிட வரைபடங்களிலும் முழுகியிருந்தவர் எப்போது கவிதை எழுதினார் என்பது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

அவர் பெயரால் ஏற்பட்ட பரிசை 1958-ல் முதன்முதலாகப் பெற்றவர் கே. எஸ். கிருஷ்ணன். அறுபது ஆண்டுகளுக்கு மேல் வழங்கப்பட்ட அப்பரிசு, 2024 முதல் இளம் விஞ்ஞானிகளுக்கான தேசீய விருதாக, அவர் பெயரைத் தாங்கியே தொடர்கிறது. காசியில் வசிக்கும் நம் குடும்பங்களுக்கோ அவருடைய குரல் வேறு விதமாகவும் பழக்கம். ஹிந்து சர்வகலாசாலையின் விழாக்களில் மாணவர்கள் எழுந்து நின்று பாடும் குலகீதத்தை இயற்றியவர், அங்கே மூன்றே ஆண்டுகள் ரசாயனம் கற்பித்த இந்தப் பட்நாகர்தாம்.